ஹாரியட் டப்மன் நாடகத்தில் எவ்வளவு நிஜம்?

அடிமைத்தனத்திலிருந்து தப்பி, மற்றவர்களையும் தப்ப வைத்த கறுப்பினப் பெண் ஹாரியட் டப்மனைப் பற்றிய, சிசிலி டைசன் நடித்த பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகம் ஒன்றைப் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளோடு சேர்ந்து பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். பார்த்த பிறகு இணையத்தில் தேடியபோது '19 பயணம், மீட்டது 300 பேர், அவர் தலைக்கு 40,000 டாலர் விலை' என்று கண்ணில் பட்டிருக்கிறது. 'இதில் எதெல்லாம் நடந்தது, எதெல்லாம் கதை?' என்பது உங்கள் கேள்வி. அதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: இதை மகளுக்கு வரலாறு என்று சொல்லித் தரலாமா? இரண்டாவது கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் அமெரிக்க வரலாறு நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஹாரியட் டப்மன் பாடம் வரும்போது வகுப்பில் இதே கேள்வி வரும்.

முதலில் அந்த நாடகத்தைப் பற்றி. 'எ வுமன் கால்டு மோசஸ்' என்பது அதன் பெயர். நம் ஊர்த் தமிழ் பைபிளில் வரும் மோசேதான் இந்த மோசஸ். எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த மக்களை வெளியே அழைத்து வந்தவர் என்பதால் அந்தப் பெயரை ஹாரியட்டுக்கு வைத்தார்கள். என்பிசி தொலைக்காட்சி அதை 1978 டிசம்பர் 11, 12 தேதிகளில் இரண்டு இரவுகளாக ஒளிபரப்பியது. முந்தைய வருடம்தான், அடிமைகளின் கதையைச் சொன்ன 'ரூட்ஸ்' தொடர் அமெரிக்காவையே தொலைக்காட்சி முன்னால் உட்கார வைத்திருந்தது. அதிலும் சிசிலி டைசன் இருந்தார். நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம், இந்த நாடகம் நேரடியாக ஆவணங்களிலிருந்து எழுதப்பட்டதல்ல. 1976இல் வந்த ஒரு நாவலைத் தழுவியது. நாவலாசிரியர் கற்பனை செய்த உரையாடல்களும் மன ஓட்டங்களும் திரைக்கு வந்திருக்கின்றன. ஆகவே ஒரு காட்சியில் ஹாரியட் இன்னாரிடம் இன்ன வார்த்தை சொன்னார் என்று பார்த்திருந்தால், அந்த வார்த்தையை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நடிப்பைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. சிசிலி டைசன் அந்தப் பாத்திரத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹாரியட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொன்னதாக நம்மிடம் இருக்கிற எல்லாமே வேறு யாரோ கேட்டு எழுதியதுதான். எழுதியவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். நாடகத்திலும் கதை சொல்லும் குரல் வெள்ளை நடிகர் ஆர்சன் வெல்ஸுடையது. கம்பீரமான குரல்தான், ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம், இந்தப் பெண்ணின் கதையை எப்போதும் வேறு ஒருவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வருத்தமாக இருக்கும். கீழே எண்களைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

சரி, உறுதியாகத் தெரிந்தவற்றிலிருந்து தொடங்குகிறேன். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அரமிண்டா ராஸ், கூப்பிடுவது மிண்டி. பிறந்தது மேரிலாந்து மாநிலத்தின் கிழக்குக் கரையில், டார்செஸ்டர் வட்டாரத்தில். சதுப்பும் ஓடையும் மரக்காடுமாக இருக்கிற தாழ்ந்த பூமி. அடிமைகளின் பிறந்த தேதியை யாரும் எழுதி வைப்பதில்லை, அதனால் ரொம்ப காலம் 1820 என்று உத்தேசமாகச் சொல்லி வந்தார்கள். அப்புறம் ஒரு கணக்குக் குறிப்பு கிடைத்தது. 1822 மார்ச் மாதம் ஹாரியட்டின் தாய் ரிட்டுக்குப் பிரசவம் பார்த்ததற்காக மருத்துவச்சிக்குக் கொடுத்த கூலி அதில் பதிவாகியிருந்தது. முதலாளியின் செலவுக் கணக்கில் ஒரு வரி, அவ்வளவுதான். அதை வைத்துத்தான் இன்று ஆய்வாளர்கள் 1822 என்கிறார்கள். தந்தை பென் ராஸ் மரம் வெட்டும் வேலையில் கெட்டிக்காரர். அவருடைய முதலாளி உயிலில் எழுதி வைத்தபடி 1840இல் அவருக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் மனைவியும் பிள்ளைகளும் வேறொரு குடும்பத்தின் சொத்து. பென் ராஸின் குடிசை இருந்த இடத்தை 2021இல்தான் தொல்லியலாளர்கள் கண்டுபிடித்து அறிவித்தார்கள். 1808ஆம் வருடத்து நாணயம் ஒன்றும் அங்கே கிடைத்தது.

தலையில் பட்ட அடியும் நிஜம்தான். ஹாரியட் சின்னப் பெண்ணாக இருந்தபோது பக்டவுன் என்ற இடத்திலுள்ள கடைக்குப் போயிருந்தார். ஓடிப்போன ஓர் அடிமைப் பையனைக் குறி வைத்து ஒரு கங்காணி வீசிய இரண்டு பவுண்டு எடைக்கல், ஏறக்குறைய ஒரு கிலோ, இவர் மண்டையில் விழுந்தது. வாழ்நாள் முழுக்க, பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நினைவிழந்து தூங்கிப் போவார், கொஞ்ச நேரம் கழித்து விழித்து விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார் என்று அவரைப் பார்த்த பலர் எழுதியிருக்கிறார்கள். வலிப்பு நோய் என்று இன்று சொல்கிறார்கள். அது அறிகுறிகளை வைத்துச் செய்யும் ஊகம், நான் மருத்துவரும் அல்ல. அப்படிப்பட்ட உடம்போடு இரவில் காட்டு வழியில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார் என்பதில் மட்டும் சந்தேகம் வேண்டாம்.

அவர் தப்பியது 1849இல். முதலில் செப்டம்பரில் பென், ஹாரி என்ற இரண்டு சகோதரர்களோடு கிளம்பினார். அவர்கள் பயந்து திரும்ப, இவரும் அவர்களோடு திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு தனியாகக் கிளம்பி, சுமார் 90 மைல் தாண்டி, அடிமைமுறை இல்லாத பென்சில்வேனியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். முதல் முயற்சியின்போது முதலாளியம்மா எலைசா பிராடெஸ் கொடுத்த பத்திரிகை விளம்பரம் கிடைத்திருக்கிறது. 1849 அக்டோபர் 3 தேதியிட்டது. அதில் 'மிண்டி, வயது சுமார் 27, உயரம் ஏறக்குறைய 5 அடி, பார்க்க லட்சணமானவள்' என்று இருக்கிறது. மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் ஆளுக்கு 100 டாலர், மாநிலத்துக்குள் பிடித்தால் 50 டாலர். 2003இல் ஒரு குப்பைத்தொட்டியில் போட்ட பழைய தாள்களுக்கிடையே இந்த விளம்பரம் அகப்பட்டது.

இந்த 100 டாலரை மனதில் வைத்துக்கொண்டு 40,000 டாலர் கதைக்கு வாருங்கள். அப்படி ஓர் அறிவிப்பு எந்தப் பத்திரிகையிலும் இதுவரை கிடைக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, 1867இல், ஹாரியட்டுக்கு உதவி கேட்டு ஒருவர் எழுதிய கடிதத்தில்தான் இந்தத் தொகை முதலில் தலைகாட்டுகிறது. ஜனாதிபதி லிங்கனைச் சுட்டுக்கொன்ற பூத்தைப் பிடிக்க 1865இல் அரசாங்கம் அறிவித்ததே 50,000 டாலர்தான். அதோடு, ஹாரியட் டப்மன் என்ற பெண்தான் ஆட்களை அழைத்துப் போகிறார் என்பது மேரிலாந்தின் முதலாளிகளுக்குத் தெரிந்திருந்ததாகவே சான்று இல்லை. ஆள் யாரென்று தெரியாமல் எப்படி விலை வைப்பது? 40,000 டாலரைத் தயங்காமல் தள்ளிவிடுங்கள்.

300 பேர் என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். சாரா பிராட்ஃபோர்டு என்ற எழுத்தாளர் 1868இல் ஹாரியட்டின் வாழ்க்கையை அவசர அவசரமாகப் புத்தகமாக்கினார். ஹாரியட் கடனில் இருந்தார், வீடு கையை விட்டுப் போகும் நிலை. அந்தப் புத்தக விற்பனையில் சுமார் 1,200 டாலர் சேர்ந்தது. நல்ல காரியம்தான். ஆனால் 19 பயணம், 300 பேர் என்ற கணக்கை அச்சில் ஏற்றியது அந்தப் புத்தகம்தான். ஹாரியட் சொன்ன கணக்கு வேறு. 1858, 1859 வாக்கில், கூட்டங்களில் பேசும்போது, எட்டு ஒன்பது பயணங்களில் 50, 60 பேர் என்றுதான் சொன்னதாகக் கேட்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் பெயர் பெயராகச் சரிபார்த்து இன்று சொல்வது சுமார் 13 பயணம், சுமார் 70 பேர். வழி சொல்லிக் கொடுத்து, தாமாகப் போகச் செய்தது இன்னொரு 50 பேர் போல. இந்த எண்ணிக்கைகளில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், 70 பேர் 300 ஆக வாய்ப்பில்லை.

வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகம் வாடிவிடும். 70 பேர்தானா என்பார்கள். அப்போது நான் அந்த 70 பேர் யார் என்று சொல்லத் தொடங்குவேன். சகோதரர்கள், அக்கா மகள், அவள் குழந்தைகள், அப்பா, அம்மா, சிநேகிதர்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். யாரென்று தெரியாத கூட்டத்தை அவர் கூட்டிப் போகவில்லை. அவருடைய சகோதரிகள் மூன்று பேரைத் தெற்கே விற்றுவிட்டார்கள், அவர்களை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. மீதி இருக்கிறவர்களையாவது விற்பதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு பயணமும் ஒரு பெயரைச் சொல்லிக் கிளம்பிய பயணம். 300 என்ற எண் இதை மறைத்துவிடுகிறது. நான் அந்த எண்ணோடு மல்லுக்கட்டுவதற்கு இதுதான் காரணம்.

1854 கிறிஸ்துமஸ் பயணத்தை உங்கள் மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். சகோதரர்களான பென், ராபர்ட், ஹென்றி மூவரையும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஏலத்தில் விடப்போவதாகச் செய்தி வந்தது. ஹாரியட் எழுத்துத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி, ஜேக்கப் ஜாக்சன் என்ற சுதந்திரக் கறுப்பருக்குக் கடிதம் எழுத வைத்தார். சீயோன் என்கிற அந்த நல்ல பழைய கப்பல் வரும்போது ஏறத் தயாராக இருக்கும்படி சகோதரர்களிடம் சொல்லுங்கள் என்று அதில் இருந்தது. தபாலைப் பிரித்துப் படித்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜாக்சனும் எனக்கு வந்த கடிதமே இல்லை என்று கையை விரித்துவிட்டு, போய்ச் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டார். கிளம்பும் நேரத்தில் ராபர்ட்டின் மனைவிக்குப் பிரசவ வலி கண்டது. குழந்தை பிறந்ததும் ராபர்ட் தாமதமாக வந்து சேர்ந்தார். ஹாரியட் யாருக்காகவும் காத்திருப்பவர் அல்ல.

மழைக்கு நடுவே நடந்து, பெற்றோர் வீட்டருகே இருந்த சோளத்தட்டைக் கொட்டகையில் ஒளிந்துகொண்டார்கள். உள்ளே வீட்டில் அம்மா ரிட், பண்டிகைச் சாப்பாட்டுக்கு மகன்கள் வருவார்கள் என்று சமைத்து வைத்துக் காத்திருக்கிறார். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷத்தில் அழுது கூச்சல் போட்டுவிடுவார், அக்கம்பக்கம் தெரிந்துவிடும். அப்பாவுக்கு மட்டும் ஆள் மூலம் செய்தி போனது. அவர் சாப்பாடு கொண்டுவந்து, பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே வைத்துவிட்டுப் போனார். பலகை இடுக்கு வழியாக அவர்கள் அம்மாவைப் பார்த்தார்கள். அந்த அம்மா அடிக்கடி வாசலுக்கு வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பாதையையே பார்த்துவிட்டு உள்ளே போனார். ஹாரியட் தாயை அப்போது பார்த்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இருட்டியதும் கிளம்பினார்கள். தந்தை கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் கையைப் பிடித்துக் கொஞ்ச தூரம் கூட நடந்தார். பிறகு நின்றுவிட்டார். காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்தபின்தான் கட்டை அவிழ்த்தார். பின்னால் விசாரிக்க வந்தவர்களிடம் 'என் பிள்ளைகளில் ஒருவனைக்கூட நான் பார்க்கவில்லை' என்று பொய் கலக்காமல் சொன்னார். டிசம்பர் 29 அன்று அவர்கள் பிலடெல்பியாவில், தப்பி வந்தவர்களுக்கு உதவிய கறுப்பர் வில்லியம் ஸ்டில் முன்னால் நின்றதை அவருடைய பதிவேட்டில் காணலாம். அந்தப் பெற்றோரையும் ஹாரியட் 1857இல் அழைத்துப் போய்விட்டார்.

வில்லியம் ஸ்டில் பெயர் வந்ததால், நாடகங்கள் பொதுவாக நழுவவிடுகிற ஒரு விஷயம். 'அண்டர்கிரவுண்டு ரெயில்ரோடு' என்றதும் என் மாணவிகள் சிலர் நிஜமாகவே பூமிக்கடியில் ஓடிய ரயில் என்று நினைத்ததுண்டு. தண்டவாளமும் கிடையாது, வண்டியும் கிடையாது. ரகசியமாக உதவியவர்களின் வலை அது. திரையில் ஹாரியட் தனி ஆளாக நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பதைக் காட்டுவது சுலபம். நிஜத்தில், 1860 கணக்கெடுப்பின்படி மேரிலாந்தில் 87,000க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தபோது, சுதந்திரமான கறுப்பர்களும் ஏறக்குறைய 84,000 பேர் இருந்தார்கள். படகோட்டிகள், மரம் வெட்டுகிறவர்கள், கப்பல் தச்சர்கள். செய்தி போனது அவர்கள் வாய்வழியாக. ஹாரியட்டின் முதல் மீட்பைப் பாருங்கள். 1850 டிசம்பரில் மேரிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஊரில், நீதிமன்ற வாசலில், அக்கா மகள் கெசையாவை ஏலம் விட்டார்கள். ஏலம் கேட்டு எடுத்தது சுதந்திரக் கறுப்பரான அவள் கணவர் ஜான் பௌலி. பணம் கட்டக் கூப்பிட்டபோது ஆளைக் காணோம். அதற்குள் கெசையாவும் குழந்தைகளும் பக்கத்து வீடு ஒன்றில் மறைந்துவிட்டார்கள். இரவில் பௌலி ஒரு சிறு படகில் அவர்களை பால்டிமோருக்கு ஓட்டிப் போனார். ஹாரியட் அங்கே காத்திருந்தார். டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில், அடிமைமுறையை எதிர்த்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த தாமஸ் காரெட் என்ற இரும்புக்கடைக்காரர் செருப்பும் பணமும் கொடுத்து அனுப்புவார். இவர்களையெல்லாம் சேர்த்துச் சொன்னால் ஹாரியட்டின் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.

துப்பாக்கியைப் பற்றி, பயந்து திரும்ப நினைத்தவரை மிரட்டியது நிஜமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் நிஜம். கால் வீங்கி, இனி நடக்க முடியாது, திரும்பிப் போகிறேன் என்ற ஒருவரிடம் துப்பாக்கியை நீட்டி, நட அல்லது செத்துப்போ என்றார் என்பது அவர் வாய்மொழியாகவே வந்திருக்கிறது, ஸ்டில்லும் இந்த வழக்கத்தை எழுதியிருக்கிறார். திரும்பிப் போகிற ஒருவரை அடித்து உதைத்தால் வழியில் உதவிய அத்தனை பேர் பெயரும் வெளியே வரும். அதனால்தான் அந்தக் கண்டிப்பு. யாரையும் சுட்டதாக எந்தப் பதிவும் இல்லை. குளிர்காலத்தில் இரவு நீளம் என்பதால் அப்போது பயணம், ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் அச்சடிக்க முடியாது என்பதால் சனிக்கிழமை இரவில் கிளம்புவது, இதெல்லாமும் நம்பத் தகுந்தவை. வழியில் ஒருவரையும் இழந்ததில்லை என்று 1896இல் பெண்கள் வாக்குரிமைக் கூட்டத்தில் அவரே சொன்னார், அதை மறுக்கும் சான்று கிடைக்கவில்லை. மாறாக, போர்வைத் தையலில் ரகசியக் குறிகள் வைத்து வழி காட்டினார்கள் என்பதற்கு அந்தக் காலத்துச் சான்று இல்லை. 'தாங்கள் அடிமைகள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் இன்னும் ஆயிரம் பேரை விடுவித்திருப்பேன்' என்று படத்தோடு சுற்றுகிற வாசகம் ஹாரியட் சொன்னதே அல்ல. அடிமைப்பட்ட எவருக்கும் தாம் அடிமை என்பது தெரியாமல் இருந்ததில்லை. அதை மகளுக்கு அனுப்பாதீர்கள்.

இந்த நாடகத்தின் கவனமெல்லாம் மேரிலாந்திலும் தப்பிப்புப் பயணங்களிலும்தான். உள்நாட்டுப் போரில் அவர் செய்ததைப் பார்க்க வேறு இடம் தேட வேண்டும். ஒரே இரவில் மிக அதிகம் பேரை அவர் விடுவித்தது அப்போதுதான். 1863 ஜூன் 2 அதிகாலை, தென் கரோலினாவின் கம்பாஹி ஆற்றில், கர்னல் ஜேம்ஸ் மாண்ட்கோமரியின் கறுப்பினப் படைவீரர்களோடு ஹாரியட்டும் போர்ப்படகில் போனார். உளவு பார்த்து வைத்திருந்தது அவரும் அவர் ஆட்களும். கரையோரம் முழுக்க நெல் வயல்கள். படகுச் சங்கு ஊதியதும் 700க்கும் மேற்பட்டவர்கள் கரைக்கு ஓடி வந்தார்கள். ஒரு பெண் அடுப்பிலிருந்து அப்படியே இறக்கிய சோற்றுப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாராம். ஆவி பறந்துகொண்டிருக்கிறது, முதுகில் தொங்கிய குழந்தை ஒரு கையால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு மறு கையைப் பானைக்குள் விட்டுச் சோறு எடுத்துத் தின்கிறது. ஹாரியட்டே பின்னால் சொன்ன காட்சி இது. அவ்வளவு செய்தவருக்கு அரசாங்கம் ஒழுங்காக ஓய்வூதியம் தர 1890கள் வரை இழுத்தடித்தது. அதுவும் முதலில் இறந்த கணவரின் பேரில் மாதம் 8 டாலர், 1899இல்தான் 20 டாலர். 1913 மார்ச் 10 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் ஊரில் இறந்தார்.

மகளுக்கு எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், நாடகம் பார்த்தாகிவிட்டதால் கடைசிப் பயணத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன். தங்கை ரேச்சலை அழைத்து வருவதற்காக ஹாரியட் பல வருடம் முயன்றார். ரேச்சல் தன் இரண்டு குழந்தைகளை விட்டுவிட்டு வர மறுத்தாள், குழந்தைகளோ வேறு இடத்தில் இருந்தார்கள். 1860 கடைசியில் ஹாரியட் மறுபடி போனபோது ரேச்சல் இறந்து போயிருந்தாள். குழந்தைகளையாவது எடுக்கலாம் என்றால் உதவிக்கு ஆள் பிடிக்க 30 டாலர் தேவைப்பட்டது. அந்த 30 டாலர் இல்லை. அந்தப் பயணத்தில் ஸ்டீபன் என்னல்ஸ், அவர் மனைவி மரியா, ஆறு வயது, நான்கு வயது, மூன்று மாதம் என்று மூன்று குழந்தைகள் அவரோடு வந்தார்கள். கையில் ஒரு கூடை. அதில் கொஞ்சம் சுள்ளி, பழைய போர்வைத் துண்டு, கைக்குழந்தைக்குக் கொஞ்சம் ரொட்டி, பகலில் அது அழாமல் தூங்க அபின் கலந்த மருந்து.